மடை அடைத்த கண்கள்

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைத்துப் போகிற ஊர்கள் இவை. பாறசாலை, நெய்யாற்றின்கரை, இடையில் கிடக்கும் கிராமங்கள் என எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னை, வாழை, ரப்பர், ஈரக்காற்று. இங்கே ஒருவரைப் பார்த்து டாக்டர் ‘உங்கள் கண் வறண்டிருக்கிறது’ என்று சொன்னால் அவர் நம்பத் தயங்குவதில் ஆச்சரியமில்லை. அதுவும் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்ததே, கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது என்று சொல்லத்தான் என்னும்போது.

வறண்ட கண்ணின் விசித்திரம் இது. கண்ணை எப்போதும் மூடியிருக்கும் மெல்லிய நீர்ப்படலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாதது. அது உடைந்தால் கருவிழியின் நரம்புகள் அலறுகின்றன. உடனே கண்ணீர்ச் சுரப்பி அவசர உதவியாக ஒரு வெள்ளத்தை அனுப்புகிறது. அந்த வெள்ளம் கன்னத்தில் வழிந்து போகுமே தவிர, கண்ணில் நிற்காது. கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தல், மாலையில் எரிச்சல், மங்கல். கண்ணில் விழுந்த தூசிக்கு மலையாளத்தில் ‘கரடு’ என்பார்கள். எல்லையில் இரண்டு மொழியும் பேசுகிறவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். ஆனால் கரடு எடுக்கப் போனால் அங்கே எதுவும் இருக்காது.

காரணங்கள் பல. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபடுவது மிகப் பரவலானது. மாதவிடாய் நின்ற பெண்கள், முடக்குவாதக்காரர்கள், ஒவ்வாமைக்காக நாள்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்கள், லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் எல்லாம் பட்டியலில் உண்டு. உமிழ்நீரையும் கண்ணீரையும் சேர்த்தே வற்றச் செய்யும் நோயை ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-ல் விரிவாக எழுதினார். இன்றும் அது அவர் பெயரில்தான் வழங்குகிறது. இவை போக, உற்றுப் பார்க்கும் வேலை. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறை போல இமைக்கிற கண், ஒன்றையே கவனித்துப் பார்க்கும்போது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நெய்யாற்றின்கரைக்கு அருகே பாலராமபுரத்தில், திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட நெசவாளர் குடும்பங்கள் இன்றும் குழித்தறியில் மெல்லிய நூலை இழை இழையாகப் பார்க்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் செல்போனைப் பார்க்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதல் மருந்து சொட்டு மருந்து, அதாவது செயற்கைக் கண்ணீர். அதோடு வெந்நீர் ஒற்றடம், இமை ஓரத்தைச் சுத்தம் செய்தல். ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை சொட்டு விட்டும் போதவில்லை என்ற நிலையில்தான் பிளக் என்ற பேச்சு வருகிறது.

யோசனை எளிமையானது. இமைகளின் உள்மூலையில், மூக்குப் பக்கமாக, மேலும் கீழும் ஊசிமுனை அளவில் ஒவ்வொரு துளை. பயன்படுத்திய கண்ணீர் அந்த வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். வரத்தைக் கூட்ட முடியாவிட்டால் போக்கையாவது நிறுத்தலாமே? நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு வந்த தண்ணீர் 2004-ல் நின்றதிலிருந்து, மடையை அடைத்தால் நீர் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று இந்த எல்லையில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இந்த யோசனைக்கு வயதும் உண்டு. 1935-ல் அமெரிக்க டாக்டர் பீத்தம் அந்தத் துளைகளைச் சூடுவைத்து மூடினார். அது நிரந்தரம், பிறகு நீர் அதிகமாகி வழிந்தால் திறப்பது கஷ்டம். 1975-ல் ஃப்ரீமன் என்ற இன்னொரு அமெரிக்கர் சிலிக்கானில் சின்ன ஆணிபோல ஒன்றைச் செய்தார். வேண்டாம் என்றால் பிடுங்கி எடுத்துவிடலாம். இன்று வைக்கப்படுபவை பெரும்பாலும் அதன் வாரிசுகள்தான். முதலில் கொலாஜனில் செய்த தற்காலிக பிளக்கை வைத்துப் பார்ப்பதும் உண்டு. அது சில நாட்களில் தானே கரைந்துவிடும். அந்த நாட்களில் கண் சுகப்பட்டால் சிலிக்கான்; நீர் வழிந்து தொந்தரவானால் வேண்டாம்.

வைப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். மரத்துப்போகச் சொட்டு மருந்து, துளையின் அளவு பார்த்தல், ஒரு சின்ன அழுத்தம். கத்தி இல்லை, தையல் இல்லை. அன்றே பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம்.

அதன் பிறகுதான் கதையே. முதல் சில நாட்கள் உள்மூலையில் ஒரு கண்மயிர் விழுந்து கிடப்பதுபோல் இருக்கும். கை தானாக அங்கே போகும். கண்ணைக் கசக்குகிற பழக்கம் உள்ளவர்களின் பிளக் நிலைப்பதில்லை. ஒருநாள் முகம் கழுவும்போது போய்விடும், போனது தெரியவும் தெரியாது. விழுந்தால் ஆபத்தில்லை, வேறு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியும் ஒரு பயணமும் போகிறது. விழாமல் உள்ளே நழுவுவதுதான் சிக்கல். மூக்கோரம் வீங்கி, சிவந்து, சீழ் வந்தால் சொட்டு மருந்தில் காலம் கடத்தக் கூடாது. பிளக்கை எடுக்கவேண்டி வரும்.

இன்னொன்று, இந்த மண்ணுக்கே உரியது. கண் எரிந்தால் இளநீர்க்குழம்பு, நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால் என்று வீட்டு வைத்தியம் கைவசம் இருக்கிறது. வடிகால் திறந்திருக்கும் கண்ணில் எதை விட்டாலும் கொஞ்ச நேரத்தில் கீழே இறங்கிவிடும். அடைத்த கண்ணில் அது தங்கும். கிருமி இருந்தால் கிருமியும் தங்கும். கண் டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டுகூட அடைத்த கண்ணில் கூடுதல் நேரம் நிற்கும் என்பதால், பாதுகாப்பு ரசாயனம் கலக்காத மருந்து நல்லது. கண்ணில் அழற்சி இருக்கும்போதே அடைத்தால் அழற்சிப் பொருள்கள் நிறைந்த நீரைத் தேக்கி வைத்ததுபோல் ஆகிவிடும் என்று எச்சரிக்கும் டாக்டர்கள், முதலில் அதை அடக்கிவிட்டுத்தான் பிளக்கைத் தொடுகிறார்கள். பிளக் கண்ணீரைச் சுரக்க வைப்பதில்லை, உள்ளதைக் காக்கிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழுவே 2017-ல், இதன் பலனை உறுதியாகச் சொல்லும் ஆதாரம் போதவில்லை என்றுதான் முடித்தது. பலருக்குச் சுகம் கிடைக்கிறது என்பதும் உண்மை, எல்லாருக்கும் இல்லை என்பதும் உண்மை.

எல்லைக்காரருக்கு இதில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. பாறசாலையிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் திருவனந்தபுரம். 1905-ல் தொடங்கிய அரசு கண் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. தெற்கே களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ்நாடு. நாகர்கோவில் சுமார் 40 கிலோமீட்டர். அதற்கும் அப்பால் திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை. சொந்தபந்தம் இருக்கும் பக்கம் போகிறவர்கள் உண்டு, பஸ் கிடைக்கும் பக்கம் போகிறவர்கள் உண்டு. ஒரு மாநிலத்தில் பிளக் வைத்துக்கொண்டவர் ஐந்து வருஷம் கழித்து இன்னொரு மாநிலத்தில் கண்புரை முகாமில் வரிசையில் நிற்கலாம். அங்கே ஆபரேஷனுக்கு முன் கண்ணீர்க் குழாயில் ஊசி வழியாகத் தண்ணீர் செலுத்திப் பார்ப்பது நம் நாட்டில் வழக்கம். தண்ணீர் இறங்கவில்லை என்றால் கண்ணீர்ப் பையில் நோய் இருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள், ஆபரேஷனைத் தள்ளிவைப்பார்கள். சில பிளக்குகளின் தலை வெளியே தெரியும், டாக்டர் பார்த்ததும் புரிந்துகொள்வார். குழாய்க்குள்ளே புதைந்து நிற்கிற வகையோ வெளியே தெரியாது. அதில் தண்ணீரை அழுத்தினால் பிளக்கே இடம்பெயரும்.

பழைய சீட்டு கையில் இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் நனைந்து, வீடு மாறும்போது தொலைந்து, ஐந்து வருஷம் தாண்டி எத்தனை சீட்டு பிழைக்கும்? பிளக் வைக்கிற அன்றே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கவேண்டியது நாலு விஷயம்: எந்தக் கண், மேல் துளையா கீழ் துளையா, கரைகிறதா கரையாததா, வைத்த தேதி. எழுத்து தமிழா, மலையாளமா என்பது அடுத்த ஆஸ்பத்திரியில் ஒரு பிரச்சினை ஆகக்கூடாது என்பதால் இங்கிலீஷிலும் ஒரு வரி. அதைச் செல்போனில் படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைத்துவிட்டால், சீட்டு தொலைந்தாலும் தகவல் மிஞ்சும்.