வயதான நாய்க்கு வீடு பார்ப்பது

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி சேரப்பணஞ்சேரி, ஒரகடம் என்று போகிறவர்கள் கண்ணில் இரண்டு வகை நாய்கள் படும். டீக்கடை, கம்பெனி கேட், லாரி நிற்கும் இடம் என்று தன் எல்லையை அளந்து வைத்துக்கொண்டு ராஜாவாகத் திரியும் நாட்டு நாய் ஒரு வகை. கழுத்தில் நைந்த பெல்ட்டுடன், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சாலையோரம் நிற்கும் லேப்ரடாரோ பக்கோ இன்னொரு வகை. தொழிற்சாலைகளை நம்பி இங்கே குடும்பங்கள் வாடகைக்கு வருகின்றன. டிரான்ஸ்பர் வந்தாலோ கான்டிராக்ட் முடிந்தாலோ கிளம்பிவிடுகின்றன. பீரோவுக்கு லாரியில் இடம் இருக்கும், பத்து வயது நாய்க்கு இருக்காது.

காப்பகங்களில் போய்த் தேங்குவதும் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். தெருநாயைப் பிடித்தால் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்று 2001-ல் வந்து 2023-ல் திருத்தி எழுதப்பட்ட விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. (1960-களிலேயே இந்த வழியைத் தொடங்கியது சென்னையின் புளூ கிராஸ். மாநகராட்சி அதைக் கையில் எடுக்க 1996 ஆனது.) ஆகவே காப்பகத்திலேயே காலம் தள்ளுவது, தெருவுக்குத் திரும்ப முடியாத நாய்கள்: வண்டியில் அடிபட்டுக் கால் போனவை, பார்வை இழந்தவை, தெரு என்றால் என்னவென்றே தெரியாத வீட்டு நாய்கள். பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடாமல் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கூட்டத்திலும் கிழடுகள் இருக்கும். குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வரும். கிழடுகள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்.

ஏன் வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள். "குட்டியிலிருந்து வளர்த்தாத்தான் ஒட்டும், வளர்ந்த நாய் பழகாது" என்பதுதான் முதலில் வரும் பதில். அறிவியல் இதை நேராகவே சோதித்திருக்கிறது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் மார்ட்டா காச்சியும் அவருடைய குழுவினரும் காப்பகங்களில் இருந்த வளர்ந்த நாய்களை எடுத்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து பத்து நிமிடம் பேசினார், தடவிக் கொடுத்தார், கொஞ்சம் விளையாடினார். இப்படி மூன்றே முறை. பிறகு, குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பற்றை அளக்க உளவியலாளர்கள் வைத்திருக்கும் அதே சோதனை: புது அறை, அந்த ஆள் வெளியே போவார், வேறொருவர் உள்ளே வருவார், பழையவர் திரும்புவார். பழகியவர் திரும்பி வந்ததும் இந்த நாய்கள் அவரைத் தேடிப் போயின, புதியவர் கிளம்பியபோது அவரை அவ்வளவாகப் பின்தொடரவில்லை. மொத்தம் அரை மணி நேரப் பழக்கம். 2001-ல் வெளியான இந்த ஆய்வில் இருந்தவை எல்லாம் கிழடுகள் அல்ல, உண்மைதான். ஆனால் குட்டிப் பருவத்தோடு பற்று வைக்கும் கதவு சாத்திக்கொள்கிறது என்ற நம்பிக்கை அதற்குப் பிறகு நிற்காது.

நம் நாட்டுத் தெருநாய்களை வைத்தே செய்த ஆய்வு ஒன்றும் உண்டு. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு, அறிமுகமில்லாத ஆள் ஒருவரைத் தெருநாய்களிடம் திரும்பத் திரும்ப அனுப்பியது. சில நாய்களுக்குத் தீனி, சிலவற்றுக்குத் தலையில் தடவல். நாளடைவில் நம்பிக்கையை அதிகம் வளர்த்தது தடவல்தான் என்று 2017-ல் எழுதினார்கள். காப்பகத்துக்கு பிஸ்கட் பாக்கெட்டோடு போகிறவர்கள் பாக்கெட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

பெயரைப் பற்றியும் கவலை வேண்டாம். பழைய பெயர் தெரியாவிட்டால் புதிதாக வைக்கலாம், நாலு நாளில் திரும்பிப் பார்க்கும். நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள்தானே நாம்: திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல், மாண்ட வீரனோடு, இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாய் கோவிவனையும் பெயர் சொல்லிப் பதிந்திருக்கிறது.

காப்பகத்தில் நாம் பார்ப்பது அந்த நாயின் அசல் குணம்தானா என்பதும் சந்தேகமே. நூறு நாய் குரைக்கும் இடத்தில் ஒரு நாய் மூலையில் சுருண்டிருந்தால் 'மந்தம்' என்கிறோம், கம்பி மேல் பாய்ந்தால் 'முரடு' என்கிறோம். காப்பகத்துக்கு வந்த முதல் சில நாள்களில் நாயின் உடலில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் வெகுவாக உயர்ந்திருக்கும் என்று 1990-களிலேயே அளந்துவிட்டார்கள். 2019-ல் லிசா குன்டரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களின் 207 நாய்களை ஓரிரு இரவு யார் வீட்டிலாவது தங்க வைத்தார்கள். கார்டிசால் இறங்கியது. இடையில் விழிக்காத நீண்ட ஓய்வும் கிடைத்தது. காப்பகத்துக்குத் திரும்பியதும் அளவு மறுபடி ஏறினாலும், பழைய நிலைக்கு மேல் போகவில்லை. கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவிட்டால் நாய் ஏமாந்து இன்னும் நொந்துபோகும் என்று தயங்குகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. வார லீவுக்கு ஒருமுறை வீட்டுக்கு அழைத்துவந்து பார்த்துவிட்டு முடிவு செய்வதில் தப்பே இல்லை. காப்பகங்கள்தான் இதற்கு இன்னும் தாராளமாக இடம் கொடுக்க வேண்டும்.

அடுத்த பதில், "சீக்கிரம் போய்ச் சேர்ந்திடும்". நாயின் வயதை ஏழால் பெருக்கு என்ற கணக்கு இதற்குத் துணை நிற்கிறது. அது தவறான கணக்கு. வயது ஏற ஏற டி.என்.ஏ-வின் மேல் மெத்தில் என்ற வேதிக்குறிகள் ஒட்டும் இடங்கள் மாறிக்கொண்டே வரும். 2020-ல் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நூற்றுச் சொச்சம் லேப்ரடார்களின் ரத்தத்தில் இந்தக் குறிகளைப் படித்து மனிதரோடு ஒப்பிட்டார்கள். ஒரு வயது லேப்ரடார் நம்மில் 31 வயதுக்காரருக்குச் சமம். நாலு வயதில் 53. எட்டில் 64. பன்னிரண்டில் 71. நாய் முதலில் ஓட்டமாக ஓடி மூத்துவிடுகிறது, பிறகு நிதானமாக நடக்கிறது. லேப்ரடாரை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு என்பதால் எல்லா நாய்க்கும் அப்படியே பொருத்த முடியாது. எடையும் சேர்ந்துகொள்கிறது: 74 இனங்களை ஒப்பிட்ட 2013 ஆய்வின்படி, உடல் எடை 2 கிலோ கூடினால் சராசரி ஆயுள் சுமார் ஒரு மாதம் குறைகிறது. பெரிய நாய்கள் வேகமாக மூப்படைகின்றன. அந்த வகையில் நடுத்தர உடம்புள்ள நம் நாட்டு நாய்க்கு ராட்வீலரை விட யோகம் அதிகம்.

இன்னொன்று, காப்பக அட்டையில் 'வயது 10' என்று எழுதியிருப்பதே பெரும்பாலும் உத்தேசம்தான். பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் ஆறேழு மாதம் வரை பல்லை வைத்து வயதைக் கச்சிதமாகச் சொல்லலாம். அப்புறம் டாக்டர் உதட்டைத் தூக்கி, கடைவாயில் படிந்த பழுப்புக் காரையையும் கோரைப்பல்லின் தேய்மானத்தையும் பார்த்து ஊகிக்கிறார். கல்லையும் கம்பியையும் கடித்து வளர்ந்த ஐந்து வயது நாய்க்குப் பல் பத்து வயதைக் காட்டும். கண்ணும் ஏமாற்றும். கருவிழிக்குள் நீலம் பூத்தாற்போல் தெரிந்தால் பலர் 'கண்புரை, குருடு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் வயதில் லென்ஸ் இறுகுவதால் வரும் நீலம் அது, பார்வையை அதிகம் கெடுக்காது. ஒரு பஞ்சு உருண்டையை நாயின் முகத்துக்கு எதிரே மேலிருந்து போடுங்கள். பஞ்சு விழுவதில் சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை அதைப் பின்தொடர்ந்தால் பார்வை இருக்கிறது.

ஷிப்ட் வேலைக்காரர்கள் குட்டி நாய் வாங்குவதுதான் எனக்குப் புரியாத விஷயம். குட்டி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போக வேண்டும், செருப்பைக் குதறும், தனியே விட்டால் ஊரைக் கூட்டும். கிழட்டு நாயோடு போனால் வீட்டு ஓனர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"ராத்திரி குரைக்குமா தம்பி?"

"பகல் பூரா தூங்கும் சார்."

"ராத்திரி?"

"ராத்திரியும் அதே கதைதான் சார்."

எல்லாக் கிழட்டு நாயும் இப்படித் தூங்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. சிலவற்றுக்கு மூளைத் தளர்ச்சி வரும்: இரவில் காரணமின்றி நடப்பது, சுவரைப் பார்த்து நிற்பது, கதவின் கீல் பக்கமாக நுழையப் பார்ப்பது. அமெரிக்காவின் நாய் மூப்பு ஆய்வுத் திட்டம் 2022-ல் 15,019 நாய்களின் தகவலை அலசியபோது, ஒத்த வயதுடைய நாய்களில் ஓடியாடாதவற்றுக்கு இந்தத் தளர்ச்சிக்கான வாய்ப்பு விகிதம் ஆறு மடங்குக்கு மேல் இருந்தது. தளர்ச்சி வந்ததால் நடக்கவில்லையா, நடக்காததால் தளர்ச்சி வந்ததா என்பதை அந்த எண் சொல்லாது. எப்படியானாலும், தினம் இரண்டு வேளை மெதுவாக ஒரு நடை கெடுதல் செய்யாது.

வாடகை வீட்டில் பெரிய எதிரி டைல்ஸ். இடுப்பு மூட்டு தேய்ந்த நாய் வழவழப்பில் பின்னங்கால் விரிந்து விழும், இரண்டு முறை விழுந்தால் எழுந்திருக்கவே பயப்படும். படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டி வரை கோணிச் சாக்கை விரித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சாம்பார் சாதம் வேண்டாம், வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வயதாகிவிட்டது என்று முட்டையையும் கறியையும் குறைப்பதும் தவறு, சிறுநீரகக் கோளாறு இல்லாத கிழட்டு நாய்க்குப் புரதம் நன்றாகவே தேவை. கோளாறு உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள முதல் வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டி சிறுநீரக ரத்தப் பரிசோதனையும் உண்ணிக் காய்ச்சலுக்கான சோதனையும் செய்துகொள்வது நல்லது. பக்கத்து மருந்தகத்தில் வசதி இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மூட்டுவலி உள்ள நாய் பெரும்பாலும் அழாது. படியருகே வந்து நின்று, ஏறாமல் திரும்பிவிடும். நம் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள், ஐபுப்ரோஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். நாய்க்கென்றே உள்ள வலி மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். ஒரு வாரம் கழித்து அதே படியில் ஏறுகிறதா என்று பார்த்து வந்து சொல்லுங்கள், அடுத்த அளவை அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார்.