உங்களுக்குத் தெரியுமா? நமக்கு வந்தது எத்தனையாவது டெங்கு?

தென்னிந்தியாவில் 5 முதல் 45 வயதுள்ளோரில் நூற்றுக்கு 77 பேருக்கு டெங்கு ஏற்கெனவே வந்துபோயிருக்கிறது. பலருக்கு அது தெரியவே தெரியாது.

• 2017–18இல் 15 மாநிலங்களில் ஐ.சி.எம்.ஆர். நடத்திய ரத்தச் சோதனைக் கணக்கு இது. மேற்கே 62, வடக்கே 60, கிழக்கே 21. வடகிழக்கில் வெறும் 5! ஆக, தெற்கே இருக்கும் நம் உடன்குடியில் டெங்குவில் படுக்கும் பெரியவருக்கு அது மறுமுறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

• வைரஸ் நான்கு வகை. ஒன்று வந்துபோனால் அந்த வகைக்கு நீண்டகாலக் காப்பு. மற்ற மூன்றுக்குச் சில மாதங்கள்தான். பிறகு வேறு வகை நுழைந்தால், பழைய எதிர்ப்பொருளே அதைச் செல்லுக்குள் கூட்டிப்போய் நோயை முற்றவைப்பதுண்டு. காவல்காரனே கள்ளனுக்குக் கதவு திறந்த கதைதான்.

• முதல் முறைதானே என்று அசந்துவிடவும் முடியாது. 2024இல் வெளியான ஆய்வொன்றில், டெங்கு முற்றிய இந்தியக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதுவே முதல் தொற்று.

• டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிட ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும். உடன்குடியில் கருப்பட்டி ஊற்றுவதும் சிரட்டையில்தான்! வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள்.