கோதுமை ஆகாதவர்க்குக் கடை உணவு

தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் நம் அங்கத்தினர்களுக்கும், வீரவநல்லூர் போன்ற ஊர்களில் தறியை நம்பி வாழும் அங்கத்தினர்களுக்கும் அரிசியே உணவு. ஆதலால், கோதுமை சிலருக்கு ஆகாது என்று கேட்டால், அது வடநாட்டார் கவலை என்று நாம் ஒதுக்கிவிடக்கூடும். அங்ஙனம் ஒதுக்குவது நன்றன்று. அரிசி உண்ணும் நாட்டிலும் அந்நோய் உண்டு. அதனை அறிந்தோர் இங்குக் குறைவாதலால், நோயுற்றவர் படும் இடர் இங்கு மிகுதி.

சீலியாக் நோய் என்பது அதன் பெயர். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைப்பொருள் உள்ளது. பரோட்டா மாவு அறுந்து போகாமல் வீசி விரிக்க வருவது இப்பசையினால்தான். சீலியாக் நோயுடையவர் இதனை உண்டால், அவருடைய உடலின் காவல் ஆற்றலே தன் சிறுகுடலைப் பகையாக எண்ணித் தாக்குகிறது. உணவின் சாரத்தை உறிஞ்சும் நுண்ணிய குடற்பிசிர்கள் தேய்ந்துவிடுகின்றன. வயிற்றுப்போக்கு, சோகை, மெலிவு ஆகியன தொடர்கின்றன; குழந்தைகளின் வளர்ச்சி குன்றுகிறது. இதற்கு மருந்து இன்றளவும் இல்லை. குளூட்டனை வாழ்நாள் முழுதும் விலக்குவது ஒன்றே வழி.

இவ்வுண்மையை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். கோதுமையின்மேல் அவர் முன்னரே ஐயம் கொண்டிருந்தார். போரினால் 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் பஞ்சம் ஏற்பட்டு ரொட்டி கிடைக்காமற்போனபோது, இந்நோயுற்ற குழந்தைகள் தேறிவந்தனர். 1950-ஆம் ஆண்டில் அவர் தம் ஆய்வேட்டில் இதனை விளக்கினார். நம் நாட்டில் நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்று 2016-இல் வெளியாயிற்று. அதன்படி வடபகுதியில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கும், தென்பகுதியில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒருவருக்கும் இந்நோய் உள்ளது. ஆயிரத்தில் ஒருவர் என்பது சிறு தொகைபோல் தோன்றலாம். ஆனால் திருவிழா நாளில் உவரிக் கடற்கரையில் கூடும் மக்கள் திரளை நினைத்துப் பாருங்கள். அத்திரளில் இத்தகையோர் பலர் இருத்தல் கூடும்.

“அரிசிப் பலகாரமாகப் பார்த்து உண்டால் போகிறது” என்று சிலர் சொல்வர். இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. விதைநெல் எடுக்கும் உழவர் அறிவார்: களத்தைப் பெருக்காமல், சாக்கை உதறாமல் வேறொரு ரகத்தை அடித்தால் கலவன் வந்து சேரும். சாயம் தோய்ப்பவரும் அறிவார்: சாயக்கை பட்ட வெள்ளை நூல் வெள்ளையாக இராது. கடையின் சமையற்கட்டிலும் நிகழ்வது அதுவே. பண்டத்தில் கோதுமை இல்லை. ஆனால் கல்லிலும் கரண்டியிலும் எண்ணெயிலும் கையிலும் கோதுமை இருக்கிறது.

எவ்வளவு கலந்தால் தீங்கு? நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் சென்றாலே குடல் கேடுறும் என்று 2007-இல் வெளியான இத்தாலிய ஆராய்ச்சி காட்டிற்று. இந்த அளவு குளூட்டன் ஒன்றிரண்டு சிட்டிகை மைதாவிலேயே அடங்கிவிடும். ஆதலின் “கொஞ்சம்தானே, ஒன்றும் செய்யாது” என்று அன்புடன் வற்புறுத்துவோர் தம்மை அறியாமலே தீமை செய்கின்றனர். சூட்டில் எல்லாம் எரிந்துபோகும் என்பதும் தவறு. கிருமி சாகலாம், குளூட்டன் அழியாது.

உவரியிலும் திசையன்விளையிலும் திருநெல்வேலி நகரிலும் நாம் காணும் கடைகளையே எடுத்துக்கொள்வோம். பரோட்டா போட்ட கல்லில் தோசை வார்க்கிறார்கள்; அதிலேயே மீனும் வறுக்கிறார்கள். கல்லைத் துடைக்கும் ஈர்க்குத் துடைப்பமும் ஒன்றே. அரிசியும் உளுந்தும் மட்டும் அரைத்த தோசை மாவும் அக்கல்லில் தூய்மை இழக்கும். ரவா தோசையில் ரவையும் மைதாவும் நேராகவே உள்ளன. மைதாப் பண்டம் பொரித்த எண்ணெயில் உளுந்து வடை பொரித்தால் அதுவும் ஆகாது.

பலர் அறியாத மற்றொன்று பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் தூய பிசின் அன்று. அதனுடன் பிசினும் மாவும் சேர்ப்பது வழக்கம். அம்மாவு பெரும்பாலும் கோதுமை மாவு. ஆகவே சாம்பார், ரசம், இட்டிலிப்பொடி, தாளித்த மோர் ஆகிய எல்லாவற்றிலும் அது நுழைகிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் இப்போது கிடைக்கிறது. ஆயினும் கடைக்காரர் எதை வாங்கினார் என்பதைக் கேட்டறிய வேண்டும்.

இனிப்புகளிலும் விழிப்பு வேண்டும். திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது. முதலூர் மஸ்கோத்து அல்வாவுக்கு மைதாப் பால். சேமியாப் பாயசமும் ரவா கேசரியும் கோதுமைப் பண்டங்களே. தூத்துக்குடி மக்ரூனில் முந்திரிப் பருப்பும் முட்டை வெண்கருவும் சர்க்கரையுமே உள்ளன; ஆயினும் ரொட்டி சுடும் அடுமனையில் மாவுத்தூசி காற்றில் பறந்து எதன்மீதும் படியும். மால்ட்டுப் பானங்களில் பார்லி உண்டு.

அப்படியாயின் வெளியூர் செல்பவர் பட்டினி கிடப்பதா? வேண்டுவதில்லை. ஆவியில் வேகும் இட்டிலி ஏனைய பண்டங்களைவிடக் காப்பானது; பரோட்டாக் கல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாவில் ரவை சேரவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்க. வெறுஞ்சோறு, தயிர், வாழைப்பழம், அவித்த முட்டை, இளநீர் ஆகியன எங்கும் கிடைப்பன. நம் பக்கத்து வாழையிலை வழக்கம் பெரிய துணை. புதிய இலையில் பழைய துணுக்கு இராது. இட்டிலிக்கு வீட்டுப் பொடியைச் சிறு டப்பாவில் கொண்டுசெல்லலாம். கூட்ட நெரிசலில் யாரும் கேள்விக்கு விடை சொல்லார். பந்தி மிகுமுன் செல்வது நன்று.

கேட்கும் முறையும் ஒன்று உண்டு. குளூட்டன் என்றால் சமையற்காரருக்கு விளங்காது. “அண்ணாச்சி, எனக்குக் கோதுமை, மைதா, ரவை ஒன்றும் ஆகாது, துளி பட்டாலும் உடம்பு கெட்டுவிடும். பெருங்காயமும் வேண்டாம். கையைக் கழுவிவிட்டு, கழுவின கரண்டியால் இட்டிலி எடுத்துத் தாருங்கள்” என்று பொருள்களைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நோன்போ பத்தியமோ என்று எண்ணாமல், நோய் என்பதை அவர் உணர வேண்டும். விடையில் ஐயம் தோன்றினால் பணிவுடன் விலகிவிடுவதே தக்கது. பொதியுணவு வாங்கினால் உறையைப் படிக்க வேண்டும். குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருப்பதை உறையில் குறிக்கவேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் உணவுப்பொருள் விதிகள் கூறுகின்றன. கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் உள்ள பண்டத்தைக் குளூட்டன் இல்லாதது என்று விற்கலாகாது.

இதனைப் படித்தவுடன் தாமாகக் கோதுமையை விட்டுவிட வேண்டாம். ஐயமுள்ளோர் முதலில் டாக்டரிடம் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கோதுமையை முன்னரே நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இல்லாததுபோல் முடிவு வரக்கூடும்.

உண்பவர் ஒருவரே எல்லா எச்சரிக்கையையும் சுமப்பது நீதியாகாது. உணவுக்கடை நடத்தும் நம் அங்கத்தினர்கள் ஒரு சிறு கல், ஒரு தோசைத் திருப்பி, ஒரு வாணலி ஆகியவற்றைத் தனியே அடையாளமிட்டு வைத்தால் போதும், செலவு பெரிதன்று. மாவு மில் வைத்திருப்போர் கோதுமை அரைத்த எந்திரத்தில் அரிசியோ கேழ்வரகோ அரைத்தால் முன்மாவு கலக்கும் என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். சங்கத்தின் மகாசபை விருந்தில் சேமியாவுக்குப் பதிலாகப் பாசிப்பருப்புப் பாயசம் வைக்கலாம். நாம் விளைவித்த அரிசியும் கம்பும் கேழ்வரகும் இந்நோயாளர்க்கு இயல்பாகவே உகந்தவை. அவற்றைக் களத்தில் தூய்மையாகக் காத்த நாம், அடுப்படியிலும் காத்தல் வேண்டும். ஆயிரவரில் ஒருவர் நம் பந்தியிலிருந்து பசியோடு எழுந்து போகாதிருக்கச் செய்வதும் கூட்டுறவேயாம்.