இடுப்பில் உள்ள துப்பாக்கி: நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரையிலான நம் பகுதியில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகள் மிகச் சிலவே. ஆயினும் துறைமுகம், அனல் மின் நிலையம், எண்ணெய்க் கிடங்கு, வங்கி, பணம் ஏற்றிச் செல்லும் வாகனம் என ஆயுதம் தாங்கிய காவலர் பணிபுரியும் இடங்கள் இங்கு பல உள்ளன. அப்பணியில் இருப்போரும், படையிலிருந்து ஓய்வு பெற்று உரிமத்துடன் ஆயுதம் வைத்திருப்போரும், அவர்களுடைய குடும்பத்தினரும் நம் மருத்துவமனைக்கு வந்து செல்கின்றனர். அவர்களை மனத்தில் கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

துப்பாக்கி விபத்து என்றால் சுடும்போது நேர்வது என்றே பலரும் எண்ணுகின்றனர். சுடும் நோக்கம் சிறிதும் இல்லாத வேளைகளிலும் அது நேர்கிறது. உறையிலிருந்து எடுக்கும்போதும், அலமாரியில் வைக்கும்போதும், துடைக்கும்போதும், வாகனத்தில் செல்லும்போதும் குண்டு பாய்ந்துவிடக்கூடும்.

அண்மையில் நேர்ந்த இரு நிகழ்வுகள்

இந்தித் திரைப்பட நடிகர் கோவிந்தா, 2024 அக்டோபர் 1 அன்று அதிகாலை மும்பையில் உள்ள தம் இல்லத்தில், உரிமம் பெற்ற ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது கை நழுவி வெடித்தது. குண்டு அவரது காலில் பாய்ந்தது. அறுவைச் சிகிச்சையால் அது அகற்றப்பட்டு அவர் நலம் பெற்றார்.

2025 ஜனவரியில் கல்பாக்கத்தில் நேர்ந்தது இதனினும் துயரமானது. பணி தொடர்பாகப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வீரர் ஒருவரின் துப்பாக்கி, பேருந்து வேகத்தடையின் மீது ஏறி இறங்கியபோது வெடித்ததாகச் செய்திகள் தெரிவித்தன. அவர் உயிரிழந்தார். முறையான பயிற்சி பெற்றவருக்கும் ஒரு நொடியில் இது நேரலாம் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

எதிர்பாராமல் வெடிப்பது ஏன்?

முதற்காரணம், காலியாக உள்ளது என்ற தவறான நம்பிக்கை. பிஸ்டலில் தோட்டாக்கள் மேகசின் என்னும் பெட்டியில் இருக்கும். அதைக் கழற்றிய பின்னரும் குழலின் பின்புற அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். எனவே முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். அதன்பின் மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து அறையில் உள்ள தோட்டாவை வெளியேற்ற வேண்டும். இறுதியாகக் கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும். இவ்வரிசையை மாற்றி மேற்பகுதியை முதலில் இழுத்தால், மேகசினிலிருந்து மற்றொரு தோட்டா அறைக்குள் ஏறிவிடும்.

இரண்டாவது காரணம், கீழே விழுதல். பழைய அமைப்புள்ள ரிவால்வர்கள் சிலவற்றில், சுத்தியல் போன்ற பகுதி தோட்டாவின் மேலேயே படிந்திருக்கும். விழுந்து அடிபட்டால் அந்த அதிர்ச்சியே தோட்டாவை வெடிக்கச் செய்யும். ஆயுதம் கை நழுவினால் தாவிப் பிடிக்க முயல்வதும் ஆபத்தே. அவ்வேளையில் விரல் விசையில் பட்டு அழுத்திவிடக்கூடும்.

மூன்றாவது காரணம், உறையின்றிச் செருகிக்கொள்ளுதல். வேட்டி மடிப்பிலோ கால்சட்டையின் இடுப்பிலோ செருகும்போது சட்டை விளிம்போ கயிறோ விசையில் சிக்கலாம். பொது இடங்களில் கைத்துப்பாக்கியை உறையில் இட்டே கொண்டு செல்ல வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கூறுகின்றன. விசையை முழுதும் மூடும் கெட்டியான உறையே பாதுகாப்பானது.

குழலின் முனை எத்திசையில் உள்ளது என்பதும் முக்கியம். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே 2021 டிசம்பர் 30 அன்று, துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு சிறுவன் ஒருவனின் தலையில் பாய்ந்தது. சில நாள்களில் அவன் உயிரிழந்தான். பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டே இவ்வாறெனில், ஓர் அறைக்குள் வெடிக்கும் துப்பாக்கியின் முனை எதிரே யார் இருக்கிறார் என்பது உயிர் பற்றிய வினா.

உடலில் நிகழ்வது

குண்டு நுழைந்த இடத்தில் சிறு துளையே தெரியும். சேதம் உள்ளே இருக்கும். இடுப்பில் செருகிய ஆயுதம் வெடித்தால் குண்டு பெரும்பாலும் கீழ்நோக்கித் தொடையில் பாயும். தொடையின் பெருந்தமனி அறுபட்டால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். தொடையெலும்பு முறியலாம், நரம்பு சேதமடைந்து பாதத்தின் அசைவு குன்றலாம்.

"குண்டை ஏன் இன்னும் எடுக்கவில்லை?" என்று குடும்பத்தார் கவலையுடன் கேட்பதுண்டு. தசைக்குள் தங்கிய குண்டை எடுப்பதற்காக நல்ல திசுக்களை வெட்டுவது சில வேளைகளில் கூடுதல் தீங்கு தரும். இரத்தப்போக்கை நிறுத்துவதும் தொற்றைத் தடுப்பதுமே முதற்பணிகள். மூட்டுக்குள் தங்கிய குண்டு மட்டும் வேறு. அதிலுள்ள ஈயம் நாளடைவில் இரத்தத்தில் கலக்கக்கூடும் என்பதால் அதை அகற்றுவது வழக்கம்.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை

நீங்கள் ஆயுதம் தாங்கிப் பணிபுரிபவர் எனில், முதல் ஆலோசனையிலேயே அதைத் தெரிவியுங்கள். தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, சில ஒவ்வாமை மாத்திரைகள் ஆகியவை மயக்கத்தையும் கவனக்குறைவையும் தரலாம். நீரிழிவால் விரல்களின் உணர்வு குறையலாம். இரத்தச் சர்க்கரை தாழ்ந்தால் கை நடுங்கும், அறிவு தடுமாறும். நடுக்குவாத நோய், அண்மையில் செய்த கண் அறுவைச் சிகிச்சை ஆகியவையும் கருதத்தக்கவை. சில நாள்களுக்கு ஆயுதமற்ற பணி வேண்டும் என்று மருத்துவர் சான்று அளிக்க இயலும். வேலை போய்விடும் என்று அஞ்சி உடல்நிலையை மறைப்பது பெரும் இழப்பில் முடியலாம்.

வீட்டில் மறதி நோய், மனச்சோர்வு அல்லது மதுப்பழக்கம் உள்ளவர் இருப்பின், ஆயுதத்தை வீட்டில் வைக்காமல் இருப்பதே நன்று. அதை முறைப்படி ஒப்படைப்பது குறித்துக் காவல் நிலையத்தை அணுகுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம்.

வீட்டில் வைத்தே தீர வேண்டுமெனில், தோட்டாக்களை நீக்கி, ஆயுதத்தை ஒரு பூட்டிலும் தோட்டாக்களை வேறொரு பூட்டிலும் வைத்து, சாவியை உரிமையாளர் தம்மிடமே வைத்திருக்க வேண்டும். தீபாவளித் துப்பாக்கிக்கும் உண்மைத் துப்பாக்கிக்கும் சிறு குழந்தைக்கு வேறுபாடு தெரியாது.

மருத்துவமனைக்கு வரும்போது

ஆயுதத்துடன் மருத்துவமனைக்கு வராதீர்கள். பணியிடத்தில் ஒப்படைத்துவிட்டு வாருங்கள். எம்.ஆர்.ஐ. அறையில் இது உயிர்போகும் செயலாகும். பிரேசிலின் சாவோ பாவ்லோவில் 2023 ஜனவரியில், தம் தாயைப் பரிசோதனைக்கு அழைத்து வந்த ஒருவர் இடுப்பில் மறைத்து வைத்திருந்த பிஸ்டலைக் காந்தம் இழுத்தது. அது வெடித்து வயிற்றில் குண்டு பாய்ந்தது. சில வாரங்களில் அவர் இறந்தார். அந்தக் காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். உடலில் பழைய குண்டோ உலோகத் துண்டோ உள்ளவர்களும் அதை ஊழியரிடம் முன்கூட்டியே கூற வேண்டும்.

குண்டு பாய்ந்தால் உடனே செய்ய வேண்டியவை

1. வெடித்த ஆயுதத்தைத் தொடாமல், மற்றவர்களை அதனிடமிருந்து விலக்குங்கள். 108-ஐ அழையுங்கள்.

2. தூய துணியைக் காயத்தின்மீது வைத்து, இரு கைகளாலும் இடைவிடாது அழுத்துங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலும் ஒரு துணியை வைத்து அழுத்துங்கள்.

3. கையிலோ காலிலோ இரத்தம் நிற்காமல் பீறிட்டால், காயத்துக்கு மேலே மூன்று விரல் அளவு தள்ளி அகலமான துணியால் கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கி இறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை சேரும் வரை தளர்த்தாதீர்கள்.

4. மார்பில் காயமெனில் காற்றுப் புகாதவாறு அதை அடைத்து ஒட்டக் கூடாது. மூச்சுவிட எளிதான நிலையில் அவரை இருக்கச் செய்யுங்கள்.

5. குண்டைத் தோண்டி எடுக்க முயலாதீர்கள். மஞ்சள் தூள், காபித் தூள் எதையும் இடாதீர்கள். குடிக்கவோ உண்ணவோ எதுவும் தராதீர்கள்.

காவல்துறைக்குத் தகவல் போகும் என்று அஞ்சி, காயத்தை மறைத்துக் காலம் தாழ்த்துவோர் உண்டு. குண்டுக் காயம் எதுவாயினும் மருத்துவமனை காவல்துறைக்குத் தெரிவிக்கும். ஆனால் சிகிச்சை அதற்காகக் காத்திருக்காது. உயிர்காக்கும் சிகிச்சையை நடைமுறைகளைக் காரணம் காட்டித் தாமதிக்கக் கூடாது என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியுள்ளது. எனவே எது நேர்ந்ததோ அதை உள்ளபடியே கூறி, அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே வாருங்கள்.

காவல் பணிக்குச் செல்லும் கணவரோ, மகனோ, மகளோ உங்கள் வீட்டில் இருந்தால், இன்று அவர் வீடு திரும்பியதும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "அறையில் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்தீர்களா?" நாள்தோறும் கேட்கப்படும் அக்கேள்வி வீட்டில் உள்ள அனைவரையும் காக்கும்.