யாரும் பதியாத நேரம்

அநேகமாக எந்த அலுவலகத்தின் கணினியிலும் 'காத்திருந்தது' என்று ஒரு வரி இருக்காது. விண்ணப்பம் வந்தது, சரிபார்த்தாயிற்று, ஒப்புதல் ஆனது, பணம் அனுப்பியாயிற்று என்று நடந்தவை மட்டும்தான் வரிவரியாக விழும். சரிபார்க்கப் பத்து நிமிடம், ஒப்புதலுக்கு இரண்டு நிமிடம். ஆனால் பணம் கைக்கு வர மூன்று வாரம். மீதி நேரம் எங்கே போனது என்று கேட்டால் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் கைகாட்டும். அப்படிச் சுற்றாதவர்கள் நம்மில் யாராவது உண்டா?

அந்த மீதி நேரத்தைத் தேடிப் பிடிக்கவும் கணினி அறிவியலில் ஒரு துறை இருக்கிறது. பிராசஸ் மைனிங் என்று பெயர். செயல்முறை அகழ்வு என்று சொல்லலாம். அதற்கு வேண்டிய மூலப்பொருள் எல்லா அலுவலகத்திலும் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. சமையல் எரிவாயு சிலிண்டருக்குப் பதிவு செய்தால் கைபேசிக்கு வரிசையாகச் செய்திகள் வருகின்றன அல்லவா? பதிவு ஆனது, பில் போட்டாயிற்று, டெலிவரி ஆகிவிட்டது. ஒவ்வொன்றிலும் ஓர் எண், ஒரு செயல், ஒரு நேரம். வங்கி, மருத்துவமனை, தொழிற்சாலை எதுவானாலும் அங்கே ஓடும் மென்பொருள் இதே மூன்றையும் சலிக்காமல் எழுதிக்கொண்டே இருக்கிறது. இதுதான் நிகழ்வுப் பதிவு. தகராறு வந்தால் பார்ப்பதற்காகச் சேர்த்து வைப்பார்கள். தகராறு வராவிட்டால் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

திறந்து பார்க்கலாம் என்ற யோசனைக்குப் பங்காளிகள் பலர். 1990-களில் மென்பொருள் பொறியியலாளர்கள் சிலர் இதைத் தொட்டார்கள். 1998-இல் ஐபிஎம் ஆய்வகத்தின் ராகேஷ் அகர்வாலும் சகாக்களும் பணிப்பதிவுகளிலிருந்து செயல்முறையைக் கண்டெடுப்பது பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஆனாலும் இதைத் தனித் துறையாக வளர்த்தெடுத்தவர் நெதர்லாந்துக்காரரான வில் வான் டெர் ஆல்ஸ்ட். ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 2018-இல் ஜெர்மனியின் ஆஹன் நகருக்குப் போனார். அவரும் சகாக்களும் 2004-இல் வெளியிட்ட 'ஆல்பா' வழிமுறை இன்றும் மாணவர்களுக்கு முதல் பாடம்.

அதன் தர்க்கம் வியப்பூட்டும் அளவுக்கு எளிது. ஆயிரம் விண்ணப்பங்களின் பதிவு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'பெறப்பட்டது' என்ற வரிக்குப் பிறகு சிலவற்றில் ஆவணச் சரிபார்ப்பு முந்துகிறது, கள ஆய்வு பிந்துகிறது, சிலவற்றில் தலைகீழ். இரண்டும் முடிந்த பிறகே 'முடிவு' வருகிறது. ஒரு செயலை அடுத்து இன்னொன்று வருகிறது, ஆனால் முறை மாறி ஒருபோதும் வருவதில்லை என்றால் முன்னதைப் பின்னது சார்ந்திருக்கிறது. இரண்டு விதமாகவும் வந்தால் அவை ஒன்றையொன்று சாராதவை, ஒரே சமயத்தில் நடக்கலாம். அடுத்தடுத்து வரவே வராது என்றால் அங்கே பாதை பிரிகிறது போலும். இவ்வளவுதான். இந்த உறவுகளை எல்லாம் கோத்தால் வட்டமும் கட்டமும் அம்புக்குறியுமாக ஒரு படம் கிடைக்கிறது. அந்தப் படத்தின் இலக்கணத்துக்கு வித்திட்டது கார்ல் ஆடம் பெட்ரி என்ற ஜெர்மானியர் 1962-இல் தந்த முனைவர் பட்ட ஆய்வு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கள ஆய்வுக்கும் ஆவணச் சரிபார்ப்புக்கும் சட்டப்படி எந்தத் தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஓர் அலுவலகத்தில் இருபது வருடமாக ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறார்கள் என்றால், கணினி அதை விதி என்றே படம் வரையும். பழக்கத்துக்கும் விதிக்கும் பதிவில் வேறுபாடு தெரியாது. வந்த படத்தைப் பார்த்து 'இது ஏன் அதற்காகக் காத்திருக்கிறது?' என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையைத் தெரிந்த ஆள்.

ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் பொதுப் பதிவுகள் சில உண்டு. இத்தாலியில் ஓர் உள்ளூர்க் காவல் துறையின் போக்குவரத்து அபராதப் பதிவு அதில் ஒன்று. 1,50,370 அபராதங்கள், 5,61,470 நிகழ்வுகள், செயல்கள் வெறும் 11 வகை. அபராதம் எழுதுவது, தபாலில் அனுப்புவது, கிடைத்ததைக் குறிப்பது, கட்டாவிட்டால் தொகையைக் கூட்டுவது, மேல்முறையீடு, வசூலுக்கு ஒப்படைப்பது. அவற்றைப் பாதைகளாகப் பிரித்தால் 231 விதம் தேறுகிறது.

சட்டம் எழுதியவரிடம் 'இது எப்படி நடக்கும்?' என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? அபராதம் போடுவோம், வண்டிக்காரர் கட்டிவிடுவார் என்றுதான். அந்தப் பாதையில் போனவை 46,371. அதைவிட நெரிசலான பாதை வேறு: எழுதி, அனுப்பி, சேர்ந்ததைக் குறித்து, தொகையைக் கூட்டி, அப்போதும் வராமல் கடைசியில் வசூலுக்கு விட்டவை 56,482. ஆக, அங்கே அதிகம் பேர் நடந்த வழி கட்டாமல் இருப்பதுதான். வழக்கமான ஆண்டறிக்கையில் இது 'நிலுவை' என்று ஒரே எண்ணாகப் படுத்துக்கிடக்கும். பாதையாக விரித்தால்தான் எந்த முனையில் மனிதர்கள் கழன்றுகொள்கிறார்கள் என்பது தெரிகிறது.

இன்னொரு 20,385 அபராதங்கள் அனுப்பியதோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. ரத்தானதா, தபால் திரும்பியதா, கணினிக்கு வெளியே ஏதாவது நடந்ததா? பதிவு வாய் திறக்காது. அந்தப் பதிவில் நேரமும் கிடையாது, தேதி மட்டும்தான். ஒரே நாளில் இரண்டு செயல் நடந்திருந்தால் எது முந்தியது என்று சத்தியம் செய்ய முடியாது. தரவைக் கண்டதும் துள்ளிக் குதிப்பவர்கள் இந்தச் சின்ன விஷயத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

அபராதத்தின் கதைக்கே இவ்வளவு சிக்கல் என்றால், மருத்துவமனைக்கு வந்தால் தலை சுற்றும். நெதர்லாந்து மருத்துவமனை ஒன்றின் செப்சிஸ் நோயாளிகள் பதிவு 2016-இல் பொதுவெளிக்கு வந்தது. செப்சிஸ் என்பது கிருமித்தொற்றுக்கு உடலே தாறுமாறாக எதிர்வினை காட்டி உறுப்புகளைச் சாய்த்துவிடும் நிலை. சில மணி நேரத்தில் உயிரே போகலாம். அந்தப் பதிவில் 1,050 பேர், 15,214 நிகழ்வுகள், 16 வகைச் செயல்கள். பாதைகள் எத்தனை தெரியுமா? 846. அதாவது, அநேகமாக ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தனிப் பாதை. எல்லாவற்றையும் ஒரே படத்தில் போட்டால் கோடுகள் இடியாப்பமாகப் பின்னிக்கொள்ளும். எதையும் படிக்க முடியாது.

இதற்கு 2007-இல் கிறிஸ்டியன் குந்தரும் வான் டெர் ஆல்ஸ்டும் ஒரு வழி சொன்னார்கள். ஊர் வரைபடத்தில் ஒவ்வொரு சந்துபொந்தையும் காட்டுவதில்லை. நெடுஞ்சாலைகளை வைத்துக்கொண்டு மற்றதை மங்கலாக்குகிறோம். பதிவிலும் அடிக்கடி வராத கோடுகளை மறைத்துவிடலாம். படம் அழகாகிவிடும். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. அலுவலகத்தில் அபூர்வமாக வரும் கோடு சில்லறை விஷயமாக இருக்கலாம். மருத்துவமனையில் அந்த அபூர்வக் கோட்டில் ஒரு நோயாளி இருக்கிறார்.

படத்தை விட்டுவிட்டுக் கேள்வியோடு போனால் அந்தப் பதிவு நன்றாகவே பேசுகிறது. செப்சிஸ் என்று சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக், மூன்று மணி நேரத்துக்குள் ரத்தத்தில் லாக்டிக் அமிலச் சோதனை என்பது அப்போதைய வழிகாட்டு நெறி. இரண்டும் நடந்ததா என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ரத்தச் சோதனை அநேகமாக எல்லோருக்கும் நேரத்தில் நடந்திருந்தது. ஆன்டிபயாடிக் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது.

உடனே 'அலட்சியம்' என்று தலைப்புப் போடத் தோன்றும். பொறுங்கள். அந்த ஒரு மணி நேரம் எப்போது தொடங்குகிறது? நோயாளி வாசலில் நுழைந்தபோதா, முதல் பரிசோதனையிலா, செப்சிஸ் படிவத்தை நிரப்பியபோதா? உயிருக்குப் போராடுபவர் முன்னால் நிற்கும் செவிலியர் முதலில் கையைப் பிடிப்பார்; படிவத்தைப் பிறகுதான் நிரப்புவார். மருந்து ஏறிய நேரம் என்று கணினியில் இருப்பதும் ஒரு விரல் பொத்தானை அழுத்திய நேரம்தான். பதிவு உண்மையின் நிழல். வெயில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிழலை அளக்கக் கூடாது. இருந்தாலும் ஒன்று உறுதி. சோதனை ஓடுகிறது, மருந்து ஓடவில்லை என்றால் எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

காத்திருப்பை மறைக்கவும் மனிதர்கள் வழி கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதற்கு வால்வோ ஐடி பெல்ஜியத்தின் பதிவு சான்று. இந்தத் துறைக்காரர்கள் 2011-இல் தொடங்கிய போட்டியில் 2013-ஆம் ஆண்டுக்கு அதைத்தான் கொடுத்தார்கள்: கணினிக் கோளாறு பற்றிய 7,554 புகார்கள், 65,533 நிகழ்வுகள். நிறுவனமே கேள்விகளையும் வைத்தது. ஒரு புகார் இந்தக் குழு, அந்தக் குழு என்று பந்தாடப்படுகிறதா? அதைவிடச் சுவையான கேள்வி 'பயனாளருக்காகக் காத்திருப்பு' என்ற நிலை பற்றியது. புகார் கொடுத்தவரிடமிருந்து தகவல் வர வேண்டும் என்றால் அந்த நிலையில் போடலாம். வேறு வழியே இல்லாதபோதுதான் போட வேண்டும் என்பது விதி. ஆனால் தீர்க்கத் தாமதமாகும் புகார்களை அதில் தள்ளிவிட்டால் தாமதம் தன் கணக்கில் தெரியாது. யார் அப்படிச் செய்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள் என்றது நிறுவனம். காத்திருப்புக்கு என்று ஒரு வரி கொடுத்த அபூர்வமான இடம். அதையும் ஒளிந்துகொள்ளும் திரையாக்கிவிட முடியும்.

கொள்முதலில் இன்னொரு வகைச் சமாளிப்பு. முறைப்படி முதலில் ஆர்டர், பிறகு சரக்கு, பிறகு பில். மூன்றும் பொருந்தினால் பணம். பதிவைப் பார்த்தால் சிலவற்றில் பில் தேதிக்குப் பின்னால் ஆர்டர் உருவாகியிருக்கும். வாங்கிவிட்டுக் காகிதத்தைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். மோசடியா? சில நேரம். பல நேரம் இயந்திரம் நின்று போய், ஒப்புதல் வரக் காத்திருந்தால் ஒரு ஷிப்டே வீணாகும் என்று பயந்த மேற்பார்வையாளர். விதியை மீறியவரைப் பிடிப்பதோடு நின்றால் அவசரக் கொள்முதலுக்கு வழி வைக்காத விதியை யாரும் திருத்த மாட்டார்கள்.

இதையெல்லாம் வியாபாரமாக்கியவர்களும் உண்டு. 2011-இல் மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர், பவேரிய ஒலி-ஒளிபரப்பு நிறுவனத்தின் ஐடி உதவிப் பிரிவில் செய்த வேலையிலிருந்து செலோனிஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இன்று இந்தத் துறையில் பெரிய நிறுவனம் அதுதான். பெருநிறுவனங்கள் இதற்குப் பணம் கொட்டுவதில் வியப்பில்லை. 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த ஒரு கணக்கு போதும்: தேங்கியிருக்கும் எண்ணிக்கை என்பது வரத்து வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கியது. தினம் 40 விண்ணப்பம், ஒவ்வொன்றும் 10 நாள் தங்கினால் எந்நேரமும் சராசரியாக 400 விண்ணப்பம் உள்ளே கிடக்கும். அதை 5 நாளாக்கினால் 200. ஆனால் வேகமாக ஓடும் மேசையை இன்னும் வேகப்படுத்தினால் ஒன்றும் குறையாது; அடுத்த மேசையில் குவியல் உயரும்.

எந்த மேசை என்று தேடும்போது எந்த ஆள் என்று தேடுவதும் தொடங்கிவிடுகிறது. பல பதிவுகளில் நான்காவதாக ஒரு பத்தி உண்டு: செய்தவர் பெயர். அதை வைத்து ஒருவர் ஒரு கோப்புக்கு எத்தனை நிமிடம் எடுத்தார், எப்போது எழுந்து போனார் என்பதுவரை வரிசைப்படுத்தலாம். ஸ்டாப்வாட்ச் பிடித்துக்கொண்டு தொழிலாளி பின்னால் நின்ற பொறியாளர் டெய்லரின் காலத்தில் குறைந்தது அளக்கும் ஆளைக் கண்ணால் பார்க்கவாவது முடிந்தது. ஜெர்மனியில் ஊழியர் மன்றம் உள்ள நிறுவனங்களில் ஊழியரின் நடத்தையையோ உழைப்பையோ கண்காணிக்கக்கூடிய தொழில்நுட்பக் கருவி எதையும் அந்த மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் புகுத்த முடியாது, சட்டமே இருக்கிறது. அதனால் இந்த மென்பொருளும் அந்த மேசையைத் தாண்டித்தான் உள்ளே போகிறது.

அந்த செப்சிஸ் பதிவை வெளியிட்டவர்கள் தேதிகளை எல்லாம் நகர்த்தி வைத்தார்கள். நிகழ்வுகளுக்கு இடையேயான இடைவெளி மட்டும் மாறவில்லை. வேலை செய்தவர் என்ற இடத்தில் ஏ, பி, சி என்று குழு எழுத்துதான் இருக்கிறது. ஆன்டிபயாடிக் தாமதமாகிறது என்பதைக் கண்டுபிடிக்க அந்தப் பெயர்கள் யாருக்கும் தேவைப்படவில்லை. எண், செயல், நேரம் என்ற மூன்று பத்திகளும் ஒரு கழித்தல் கணக்குமே போதுமாக இருந்தன.