பிஸ்கற் ரின்னுக்குள் ஒரு மருந்தகம்

நம்மவர் வீடுகள் பலவற்றில் குசினி அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கற் ரின் இருக்கும். ஊரிலிருந்து வந்த பனடோல் அட்டை, சென்ற மாரியில் பிள்ளைக்குக் கொடுத்து மிஞ்சிய பாணி மருந்து, பெயர் அழிந்த கண்துளி மருந்து, உறவினர் எவரோ விட்டுச்சென்ற குளிசைகள் யாவும் அதனுள் ஒன்றாய்க் கிடக்கும். அகதி விண்ணப்பம் நிலுவையில் இருக்கையில் வைத்தியரிடம் செல்லத் தயங்கிய நாட்களில் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. எறிய மனம் வருவதில்லை.

இதில் நாம் பெரிதும் அஞ்சவேண்டியது பெயர்க் குழப்பத்தையே. பனடோல் என நாம் அறிந்த பரசிற்றமோல், பிரான்சில் டொலிப்ரான் என்றும், சுவிஸில் டஃபல்கான் என்றும், கனடாவில் ரைலனோல் என்றும் விற்பனையாகின்றது. கனடாவில் அதன் மூலப்பெயரே அசற்றமினோபென் என மாறிவிடுகின்றது. தடிமனுக்கெனச் சுடுநீரில் கரைத்துக் குடிக்கும் பொடிகள் பலவற்றிலும் இதே மருந்துதான். காய்ச்சலுக்கு இரண்டு பனடோல், தலையிடிக்கு இரண்டு டொலிப்ரான், படுக்கும்முன் ஒரு பொடி என எடுப்பவர், ஒரே மருந்தையே மூன்று தடவை எடுக்கின்றார். வளர்ந்தவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசைகள் எட்டு என்பதே மேல் எல்லை. உடல் மெலிந்தோருக்கும் ஈரல் நோயாளருக்கும் அதனிலும் குறைவு. எல்லை கடப்பின் ஈரல் கெடும். முதல் நாளில் பெரிதாக எதுவும் தெரியாதிருப்பதே இதன் கொடுமை. மாற்று மருந்து உண்டு. எட்டு மணி நேரத்துள் கொடுத்தால் மிக நன்றாகப் பயன்தரும். ஆகவே நலமாகத் தோன்றினாலும் வெற்றுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

டிஸ்பிரின் ஊரில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அது அஸ்பிரின். வைத்தியர் சொன்னாலன்றி 16 வயதுக்கு உட்பட்டோருக்கு அதனைக் கொடுத்தலாகாது. அரிதெனினும் மூளையையும் ஈரலையும் தாக்கும் நோய் ஒன்று அதனால் வரக்கூடும்.

நீர் விட்டுக் கலக்கிய அன்ரிபயோட்டிக் பாணி ஒன்று அல்லது இரண்டு வாரமே தாங்கும். திறந்த கண்துளி மருந்து பெரும்பாலும் நான்கு வாரம். திறக்காத இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கலாம், ஆனால் உறைந்துவிட்டால் பயனற்றது. குளியலறை அலுமாரி அழகாய் இருப்பினும் நீராவியினால் குளிசைகள் கெடும்.

மிஞ்சியவற்றை மலசலகூடத்தில் கொட்டவேண்டாம். பிரான்ஸ், பிரித்தானியா, சுவிஸ் ஆகிய நாடுகளில் மருந்தகங்களே திருப்பி ஏற்கின்றன.

மருந்து வைக்க வேறு பெட்டி தேடுங்கள், பூட்டுள்ளதாயின் நன்று. பிஸ்கற் ரின்னைப் பிள்ளைகள் பிஸ்கற் ரின் என்றுதானே திறப்பார்கள்.