ஆவாரையும் இன்சுலினும்

ஆவாரை அல்லது ஆவிரை என்பது தரிசு நிலங்களில் தானாக வளரும் மஞ்சள் பூப் புதர்ச்செடி. தாவரவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. முன்பு காசியா ஆரிகுலேட்டா எனப்பட்டது. ஆயுர்வேதத்தில் ஆவர்த்தகி எனப்படுகிறது. சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்னும் கசாயம் மதுமேகத்துக்கு, அதாவது நீரிழிவுக்குத் தரப்படுகிறது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் இச்செடிக்கு இன்னொரு பயனும் இருந்தது. குரோம் உப்பு பரவுவதற்கு முன், தோல் பதனிட ஆவாரம்பட்டை பெரிதும் பயன்பட்டது. பட்டையிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்து, அது அழுகாமல் காக்கிறது. பின்னர் வாட்டில் பட்டையும் குரோமும் அந்த இடத்தைப் பிடித்தன. இன்று ஆவாரை பெரும்பாலும் உலர்ந்த பூவாக நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. 'சர்க்கரைக்கு நல்லது' என்று சொல்லி வாங்கிச் செல்கிறார்கள்.

ஆய்வுகள் கூறுவது

இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் முதன்மையான ஹார்மோன் இன்சுலின். கணையத்தின் பீட்டா செல்கள் இதைச் சுரக்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தச் செல்கள் வேதிப்பொருளால் சேதப்படுத்தப்பட்ட எலிகளுக்கு ஆவாரம்பூச் சாறு 30 நாட்கள் கொடுக்கப்பட்டது. சர்க்கரையும் கொழுப்பும் குறைந்தன. எலிகளில் செய்யப்பட்ட வேறு சில ஆய்வுகள் இன்சுலின் அளவு உயர்ந்ததாகவும் தெரிவிக்கின்றன.

ஆனால் சர்க்கரை குறைந்தாலே ஹார்மோன் கூடிவிட்டது என்று பொருளல்ல. 2004-இல் இலங்கைத் தாவரங்களைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு வேறொரு வழியைக் காட்டியது. குடலில் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியை ஆவாரை தடுக்கிறது. அகார்போஸ் மாத்திரை செய்யும் வேலையும் இதுதான். இதில் கணையத்துக்குப் பங்கே இல்லை.

இந்த வேறுபாடு ஏட்டளவிலானது அன்று. முதல் வகை நீரிழிவில் பீட்டா செல்களே அழிந்துவிடுகின்றன. குடலில் சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்துவது இன்சுலினுக்கு ஈடாகாது. பூவை நம்பி ஊசியை நிறுத்தினால், சில நாட்களிலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். ஆவாரை பூத்த ஊரில் சாவு இல்லை என்னும் பொருளில் ஒரு பழமொழி உண்டு. அது வழங்கத் தொடங்கிய காலத்தில் இன்சுலின் ஊசி கிடையாது. இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டதே 1921-இல்தான்.

பயன்படுத்துவோர் கவனத்துக்கு

சர்க்கரை மாத்திரை உண்பவர் ஆவாரையும் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். டானின் மிகுந்த பானத்தை உணவோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். இரத்தசோகை உள்ள பெண்கள் இதைக் கருத வேண்டும். கல்லீரலைப் பாதிக்கக்கூடிய பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் இச்செடியில் இருப்பதை 1981-இல் இலங்கை ஆய்வு ஒன்று பதிவு செய்தது. மாதக்கணக்கில் குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் தெரிவித்து, கல்லீரல் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.